தூங்குமூஞ்சி மரத்து அம்மன்

ஜூலை 4, வெள்ளி

வீதி முனையில் அடுக்குமாடி கட்டும் நாச்சிமுத்து இன்று வீட்டுக்கே வந்தார். தெய்வானை போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மரத்தை வெட்டப்போவதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைத்தான் சொல்கிறார். அவருடைய கார் வாசலுக்குக் குறுக்கே அது நிற்கிறதாம். மரம் வந்து நாற்பது வருஷம் ஆகிறது, வாசல் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. யார் யாருக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று கேட்டேன்.

"அறிவொளி அண்ணன் பேச்சுல யாரு செயிக்க முடியுமுங்" என்று சிரித்தார்.

"அனுமதி வாங்கியாச்சா?"

"வாங்கிக்கலாமுங்ணா. ஞாயித்துக்கெழம லீவு பாருங்க."

அதாவது, திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தால் அவர்கள் உட்கார அடிக்கட்டை இருக்கும்.

எனக்கு அந்த மரத்தின் மேல் பாசம், நேசம் எதுவும் கிடையாது. என் ஸ்கூட்டர் அதன் நிழலில் நிற்கிறது. அவ்வளவுதான். சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். இன்றும் விடுமுறை. வீதியில் ஒவ்வொரு வீடாக ஏறிக் கையெழுத்துக் கேட்டேன். ஒரு வீட்டில் இலை கொட்டுகிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் காக்கை காரின் மேல் எச்சம் போடுகிறது என்றார்கள். மூன்றாவது வீட்டில் மரத்தால் டிவி சரியாகத் தெரிவதில்லையாம். அவர்கள் வீட்டு டிவிக்குக் கேபிள்தான் வருகிறது. சொல்லிப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் எண்ணூறு பேரை ஒரே குரலில் வேலைநிறுத்தத்துக்குக் கூட்டிவந்தவன் நான். பகுத்தறிவு மன்றத்துக்கு முப்பது வருஷம் செயலாளர். (மன்றம் இப்போதும் இருக்கிறது. உறுப்பினர் நான் ஒருவன்.) இன்று கிடைத்த கையெழுத்து இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மனைவி தெய்வானையுடையது.

கடைசி வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்கய்யா, அந்த மரத்துல என்ன சாமியா குடியிருக்குது, வெட்டக்கூடாதுங்கறதுக்கு?"

அந்தக் கேள்வியை மண்டையிலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால்தான் நாட்குறிப்பு.

பால்காரர் வருவதற்கு முன் எழுந்து, தெய்வானையின் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒற்றை ரூபாய்க் காசு முடிந்திருந்தது. அவிழ்த்து என் சவரப் பெட்டிக்குள் போட்டேன். மஞ்சள், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, துணியைச் சுற்றிக் கட்டினேன். 'மரத்துக்குப் பொட்டு வைக்காதே, அதற்குத் தண்ணீர் ஊற்று' என்று மேடை மேடையாகப் பேசிய ஆள். பொட்டு கோணலாக வந்தது. அனுபவம் போதாது.

ஒன்பது மணிக்கு மெஷின் ரம்பத்தோடு மூன்று பேர் வந்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றினார். அந்த இடத்திலேயே நான் ஜெயித்துவிட்டேன். நாச்சிமுத்து எவ்வளவோ கத்திப் பார்த்தார். "வேண்டாமுங் சாமி, புள்ளகுட்டிக்காரன்" என்று அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

இட்லி சாப்பிடும்போது தெய்வானை கேட்டாள்.

"ஏனுங், மாடத்துல ஒரு மஞ்சத்துணி வெச்சிருந்தனே, பாத்தீங்ளா?"

"எந்தத் துணி?"

"காசு முடிஞ்சு வெச்சிருந்தனுங்."

"எதுக்கு?"

"எதுக்கோ" என்று சொல்லி, ஜன்னல் வழியாக எதிரே மரத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

ஜூலை 7, திங்கள்

மரத்தடியில் யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்கள். நான் உடைக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பஸ் ஸ்டாப்பில் பூ விற்ற பெண்பிள்ளை துளசிமணி கூடையோடு மரத்தடிக்கே வந்துவிட்டது. அதன் கனவில் அம்மன் வந்து, 'நான் நிழல்காத்த அம்மன், இந்த வீதியைக் காக்க வந்திருக்கிறேன்' என்றாளாம். தூங்குமூஞ்சி மரத்தில் எந்த ஊரில் அம்மன் குடியேறினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். வாயில் கூழ் இருந்தது.

"ஐயா, உங்கூட்டுக்கு எதுக்கால வந்து உக்காந்திருக்கறா. மொத மரியாதை உங்களுக்குத்தானுங்" என்று துளசிமணி முதல் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டது. கம்மங்கூழ். அதில் கடவுள் இல்லை, சின்ன வெங்காயம் இருந்தது. இரண்டு சொம்பு குடித்தேன்.

கிளையில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு அம்மன் என்னைத்தான் முதலில் எழுப்புகிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் விஷயத்தில் குரங்கு பிடிக்கப் போய் அம்மனாகிவிட்டது. தொட்டில் கட்டுகிறார்கள், மணி மாட்ட ஆணி அடிக்கிறார்கள், விளக்கு வரிசை அடிமரத்தை ஒட்டி எரிகிறது.

நாச்சிமுத்து கல்லில் சூலம் செய்துகொண்டுவந்து நட்டார். அவருடைய ஆறு வீடுகள் ஒரே மாதத்தில் விற்றுப்போயின. விளம்பரத் தாளில் 'அம்மன் சன்னதிக்கு நேர் எதிரில்' என்று போட்டிருக்கிறார். கார் வாசலை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். முதலில் வேஷம் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு மட்டும் வெட்டியிருந்தன்னா என்ற குடும்பம் என்னாயிருக்குமுங்ணா? அவதான் தடுத்தா."

கண் கலங்கியிருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். மேலே மரம்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தவளை தன் வாயால் கெடும்.

மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். மறுத்திருக்கலாம். மைக்கைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. எழுந்து 'சுத்தமும் சுகாதாரமும்' என்ற தலைப்பில் முழங்கினேன். அழுகிய வாழைப்பழம், ஊற்றிய பால், அதில் வரும் ஈ, சேறு, சேற்றில் வரும் கொசு, கொசுவில் வரும் காய்ச்சல் என்று வரிசையாகப் போனேன். "கும்பிடுகிற இடம் இப்படியா இருப்பது?" என்று கேட்டு முடித்தேன்.

கைத்தட்டல் பலமாக இருந்தது. "ஐயா சொல்றது நூத்துக்கு நூறுங்" என்றார் நாச்சிமுத்து. பழைய குரல் இன்னும் போகவில்லை என்று தெய்வானையிடம் சொன்னேன். "ஆமாங், அடுத்த வீதி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் பேச்சுக்குச் செயல்வடிவம் கொடுத்துவிட்டார்கள்.

மரத்தைச் சுற்றிக் காலி இடமாகக் கிடந்தது முழுக்க இப்போது மேடை. சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டும்போது தொடை கனத்தில் நாலைந்து வேர்கள் குறுக்கே வந்ததாம், வெட்டி எடுத்தார்களாம். உள்ளே கட்டிட இடிபாட்டைக் கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு, அதன்மேல் தாமரை போட்ட வெள்ளை டைல்ஸ், அடிமரத்தை ஒட்டி ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல். ஓர் எறும்பு மண்ணுக்குப் போக வேண்டுமென்றாலும் பக்கத்து வீதிக்குத்தான் போக வேண்டும்.

பளிங்கில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். 'உபயம்: நாச்சிமுத்து குடும்பத்தார். ஆலோசனை: அறிவொளி ஐயா.' அப்பா அம்மா வைத்த மாரியப்பன் என்ற பெயரை, சாமி பெயர் வேண்டாம் என்று இருபது வயதில் மாற்றிக்கொண்டேன். மாற்றின பெயர் கோயில் கல்வெட்டில் ஏறிவிட்டது. சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலையில் நல்ல மழை. வழக்கமாக மரத்தடி மண்ணே அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும். இன்று டைல்ஸ் மேல் விழுந்த மழை சறுக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதல் மரியாதை எங்களுக்குத்தானே.

நானும் தெய்வானையும் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தோம். தூக்கும்போது அவள் இடது அக்குளுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்ன என்றேன். "புடிச்சுக்கிச்சுங்" என்றாள். தைலம் தேய்க்கச் சொன்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும். நேற்று அது மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்குப் பக்கத்துப் பெரிய கிளையில் மூடுவதற்கு இலையே இல்லை. மற்ற இடத்திலும் பாதி மஞ்சள். காற்றே இல்லாமல் உதிர்கிறது.

"அம்மாவுக்கு உக்கிரமுங். மஞ்சத்தண்ணி நூத்தியெட்டுக் கொடம் ஊத்தோணும்" என்கிறது துளசிமணி.

இன்று விடிந்ததும், கூட்டம் வருவதற்கு முன், மில்லில் வாங்கிய பழைய கடப்பாரையை எடுத்துப் போய் ஓரத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தேன். கான்கிரீட் மெல்லியதுதான், இரண்டு குத்தில் விட்டது. இடிபாட்டைக் கிளறிக் கையை உள்ளே விட்டேன். மழை பெய்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, இடையில் இரண்டு தூறலும் போட்டது. மண் மாவாக வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு புழு இல்லை. வேரை உரசிப் பார்த்தேன், உள்ளே பழுப்பு நிறம்.

வேருக்கும் காற்று வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? ஒன்பதாம் வகுப்புப் பாடம் அது. நாச்சிமுத்துவின் ரம்பத்துக்கு அரை நாள் ஆகியிருக்கும். என் பேச்சு ஒரே மாதத்தில் பாதி வேலையை முடித்துவிட்டது. டைல்ஸைப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன். கை கழுவிய பிறகும் அந்த மண் விரலிடுக்கில் இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

தெய்வானைக்கு வந்தது பிடிப்பு இல்லையாம். கட்டியாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எப்போதிருந்து என்று கேட்டேன். "கொஞ்ச நாளாச்சுங். நீங்க மரத்து விசாரத்துல இருந்தீங், எதுக்குச் சொல்றதுன்னு உட்டுட்டேன்" என்றாள்.

சவரப் பெட்டியைத் திறந்தேன். அந்த ஒற்றை ரூபாய் பிளேடுக்கு அடியில் கிடந்தது. அவள் எதற்காகக் காசு முடிந்திருப்பாள் என்று இப்போதுதான் புரிந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவன் நான். முடிச்சுக்கும் கட்டிக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 29, திங்கள்

முடிவு இன்னும் வரவில்லை.

காலையில் மரத்தை ஆய்வு செய்யப் போனேன். துளசிமணி வீதி முழுக்க, 'ஐயா இன்னைக்கு அம்மாவெ மூணு சுத்துச் சுத்தினாருங்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. ஒரு மரத்தை நாலு பக்கமும் பார்க்க வேண்டுமானால் சுற்றித்தான் ஆக வேண்டும். பட்டுப்போன கிளைகளை எண்ணினேன், முதல் இரண்டு தடவையும் கணக்கு விட்டுப்போயிற்று. கண் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

வெறும் கொழுப்புக் கட்டி. கெடுதல் இல்லை.

"ஏனுங், அழுவறீங்ளா?" என்றாள் தெய்வானை. ஆஸ்பத்திரி வாசலில் ரோடு தோண்டியிருக்கிறார்கள், ஒரே தூசி.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கும்பாபிஷேகக் கூட்டம். மேடைக்குமேல் கான்கிரீட் கூரை போடப்போகிறார்கள். அதற்கு இடைஞ்சலாகக் கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்து வரும் இரண்டு கிளைகளை வெட்ட வேண்டுமாம். மரத்தில் பச்சையாக மிச்சம் இருப்பது அந்த இரண்டும்தான். "அம்மாவுக்கு வெயில் படுதுங்ணா. எலையெல்லாம் கொட்டிப்போச்சு பாருங்க" என்றார் நாச்சிமுத்து. கூரை வந்தால் மழைத்தண்ணீரும் போயிற்று. கதை முடிந்தது.

எழுந்தேன். மைக் வேண்டாம் என்றேன். அதற்கே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இங்கே அம்மனும் இல்லை, ஆத்தாளும் இல்லை" என்றேன். "மரத்தை வெட்டாமல் இருக்கட்டும் என்று அந்தத் துணியைக் கட்டியது நான். என் கையால் கட்டினேன். மஞ்சள் பூசியதும் நான். பொட்டு கோணலாக இருந்ததே, அதுவும் நான் வைத்ததுதான்."

சரி, அடி விழப்போகிறது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

துளசிமணிதான் முதலில் வாயைத் திறந்தது.

"துணி ஏதுங் ஐயா?"

"எங்கூட்டு சாமி மாடத்திலிருந்து எடுத்தேன்."

"பாத்தீங்ளா! அம்மா இவிய ஊட்டுல இருந்துதான் பொறப்பட்டு வந்திருக்கறா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மா இல்லை, நான்! நான் கட்டினேன்!"

"நீங்கதானுங்ணா கட்டுனீங்" என்றார் நாச்சிமுத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "ஆனா கட்ட வெச்சது ஆரு? சாமியே இல்லீன்னு முப்பது வருசம் பேசுனவரோட கையி. அந்தக் கையில அவ மஞ்சள எடுக்க வெச்சிருக்கறான்னா, அது சும்மா ஆவுமுங்ளா?"

கூட்டத்தில் குலவை போட்டார்கள். முப்பது வருஷ உழைப்பு கண்முன்னால் சாட்சியாக மாறி எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. துளசிமணி கற்பூரத் தட்டை என் முன்னால் நீட்டியது.

"இனி நீங்க சொல்றதுதானுங் வாக்கு. அம்மா எதுக்கு இப்படி எலைய உதுக்கறா? கேட்டுச் சொல்லுங்."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தெய்வானை கூட்டத்துக்குப் பின்னால், வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட அசைக்கவில்லை.

மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். இந்த ஜனத்துக்கு வேர் சுவாசிப்பதை விளக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். விளக்கினால் கைத்தட்டுவார்கள். பிறகு அதையும் டைல்ஸில் செய்துவைப்பார்கள்.

"மூச்சு முட்டுது" என்றேன்.

"ஆருக்குங்?"

"அவளுக்குத்தான். கல்லைப் போட்டு மூடிட்டீங்க. மண்ணு வேணும். தண்ணி வேணும். கூரையும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம்."

பொய் சொன்னேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எந்த வார்த்தை பொய் என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

முதல் கடப்பாரையை நாச்சிமுத்துவே போட்டார். சூலத்தைச் சுவரோரம் நகர்த்திவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் டைல்ஸ், கான்கிரீட், இடிபாடு எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. ஆணிகளைப் பிடுங்கினேன். விளக்கு இனி வெளிச்சுவரில். பாலையும் மஞ்சள் தண்ணீரையும் வாளியில் ஊற்றட்டும், உதிர்ந்த இலையைக் கூட்டி அங்கேயே பரப்பட்டும், வேறெதுவும் அம்மனுக்கு ஆகாது என்று வாக்குச் சொன்னேன். இரண்டாவது நாளே வாக்கு சரளமாக வருகிறது. இது நல்லதற்கில்லை.

பெயர்ப்பலகையையும் உடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மதியம் முழுக்க மழை. ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். விழுந்த தண்ணீர் நின்றது, குமிழிட்டது, உள்ளே போயிற்று. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. தெய்வானை முறுக்குச் சுடும்போது இரண்டு முறை கூப்பிட்டாளாம். கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மேற்குக் கிளை பிழைக்காது. அதை விட்டுவிட்டேன். மற்றக் கிளைகளில் முந்தாநாளிலிருந்து கண் கண்ணாகத் துளிர். எண்ணவில்லை. எண்ணினால் துளசிமணி மறுபடி வீதியெல்லாம் சொல்லும்.

சாயங்காலம் தெய்வானை வந்து நின்றாள்.

"அந்தக் காசைக் குடுங்க. செலுத்தோணுமுங்."

எந்தக் காசு என்று கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சவரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "அம்மிணி, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்த முடிச்சை அவுத்திருக்க மாட்டேன். உடம்புக்கு முடிஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உடம்புக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அன்னைக்கு நாச்சிமுத்து காப்பி குடிச்சுட்டுப் போனாருல்லீங், நீங்களும் சோறு திங்காம எந்திரிச்சுட்டீங். அப்ப முடிஞ்சனுங். அந்த மரம் நிக்கோணும்னு."

தற்செயல். ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒரே மரத்தைப் பற்றிக் கவலைப்பட்டால், ஒரே துணி இரண்டு பேருக்கும் கையில் அகப்படுவது நடக்கக்கூடியதுதான்.

இருவரும் போனோம். உண்டியல் சுவரோரம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காசை மறுபடி என் கையிலேயே வைத்து, "அவுத்தது நீங்கதான, நீங்களே வைங்க" என்று மரத்தடியைக் காட்டினாள். செருப்பைக் கழற்றினேன். மண் ஈரம், செருப்பு பாழாகிவிடும். உட்கார்ந்து வேருக்குப் பக்கத்தில் விரலால் குழி தோண்டினேன். ஒரு மண்புழு வந்தது, அதற்கு வழிவிட்டேன்.

ஒற்றை ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகு. மக்காது, உரமாகாது, மரத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபிட்டருக்கு இது தெரியும். இருந்தாலும் கொஞ்சம் ஆழமாகவே வைத்தேன். மழையில் மேலே வந்துவிடக் கூடாது பாருங்கள்.